நண்டு இறங்கும் சத்தம்

வேண்டாம் அண்ணே, நீங்க சாப்பிடுங்க. சாத்தூர் வெள்ளரின்னா எனக்கும் உயிர்தான். ஆனால் இந்தத் தொண்டையில் இப்போ எது இறங்கினாலும் கண்ணாடித் துண்டு இறங்குகிற மாதிரி இருக்கு. பயப்படாதீங்க, ஒட்டுகிற வியாதி இல்லை. இருமல்கூடக் கிடையாது. ஒரு கோடை முழுக்க வாயாலேயே ஒரு மிஷினை ஓட்டினேன். அதில் போனது.

சிரிக்கிறீங்க. எல்லோரும் முதலில் சிரிக்கத்தான் செய்வார்கள். எனக்கும் முதல் வாரம் சிரிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் அலுத்துப்போச்சு அண்ணே. பதினேழு வயசில் ஒருத்தனுக்கு இவ்வளவு அலுப்பு வரக்கூடாது.

கோயம்புத்தூர் போகிறேன். காலேஜில் இடம் கிடைத்திருக்கு, ஹாஸ்டல். நான் கிளம்புவதற்குள் எங்க அப்பாவுடைய மிஷினுக்கு எப்படியாவது சத்தம் வரவைத்துவிட வேண்டும், இல்லையென்றால் நான் போனபிறகு அந்த மனுசன் ஊமைப் பெட்டி முன்னால் ஒத்தையாக நிற்பாரே என்று நான் பட்ட பாடு இருக்கே! அதை யாரிடமாவது சொன்னால்தான் மனசு ஆறும். மதுரை வரைக்கும் உங்களுக்கு வேற வேலை இல்லையே?

முதலில் என் வாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் இசக்கிராஜா. கோவில்பட்டியில் போய் இசக்கிராஜா வீடு எது என்று கேட்டால் ஒருத்தனும் காட்ட மாட்டான். 'குரல் மாத்திப் பேசுற பய வீடு' என்று கேளுங்க, வாசல் வரைக்கும் கூட்டிவந்து விடுவான். ரேஷன் கடைக்காரர், ஷேர் ஆட்டோ டிரைவர், கோயில் மைக் செட்டில் 'செருப்பைக் கழட்டிப் போட்டவர்கள்' என்று இழுக்கிறவர், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒருமுறை எங்க ஹெட்மாஸ்டர் குரலில் ஸ்கூல் மைக்கைப் பிடித்து, 'மாணவச் செல்வங்களே, கனமழை எச்சரிக்கையை முன்னிட்டு இன்று பிற்பகல் விடுமுறை' என்று சொன்னேன். மூக்காலேயே பேசுவார் அவர், அப்படியே. வெளியே தார் உருகுகிற வெயில் அண்ணே. அந்த வெயிலில் மொத்தப் பள்ளிக்கூடமும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. வாத்தியார்களும்தான். தமிழய்யா குடையை விரித்துக்கொண்டு போனார்.

மறுநாள் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் முன்னால் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது வண்டியில் ஒரே ஒரு வார்த்தை. 'வாயை மூடு.' நான் அப்போது பேசவே இல்லை, பார்த்துக்கோங்க. அதுக்கப்புறம் அந்த வார்த்தையையும் விட்டுவிட்டார். என்னிடம் பேச்சே கிடையாது. நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன், அம்மாவிடம் கேட்பார்: 'உன் மவன் சாப்பிட்டானாமா?'

அவர் பெயர் கனகவேல். பழைய கட்டடச் சாமான் கடை வைத்திருக்கிறார். எங்கேயாவது வீட்டை இடிக்கிறார்கள் என்றால் கதவு, சன்னல், உத்திரம், கிரில் எல்லாத்தையும் பேசி எடுத்து வந்து விற்பது. இந்தத் தடவை எங்க ஊரில் ஒரு பழைய தியேட்டரை இடித்தார்கள். நான் பரீட்சை முடித்து வீட்டில் குப்புறப் படுத்துக் கிடந்த நேரம். தியேட்டரில் இருந்து கதவு வந்தது, நாற்காலி வந்தது, கூடவே இந்தப் பெட்டியும் வந்தது. இடைவேளையில் காசு போட்டு ஆடுகிற வீடியோ கேம் பெட்டி. பீரோ உயரம். நெஞ்சு மட்டத்தில் ஒரு டிவி, அதுக்குக் கீழே ஒரு குச்சி, ஒரு பட்டன். நாற்காலி விற்றது, கதவு விற்றது, இதை மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. ஒருநாள் குட்டியானை வண்டியில் ஏற்றி நேரே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

மாடி வீடு அண்ணே எங்களுக்கு. கடையில் வேலை பார்க்கிறவர்கள் நாலு பேர் தூக்கி, படியில் திருப்ப முடியாமல், கீழ்வீட்டுக்காரர் வந்து 'சுவரு போச்சு, சுவரு போச்சு' என்று கத்தி, ஒருவழியாக ஹாலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"கிடக்கட்டும்."

"கிடக்கட்டும்னா? துணி வைக்கவா, அரிசி போட்டு வைக்கவா?"

"கிடக்கட்டும் செல்வி."

அம்மா பழைய சேலை ஒன்றை எடுத்து அதுக்குப் போர்த்திவிட்டாள். எட்டயபுரத்து அத்தை வந்தவள் சேலையை விலக்கிப் பார்த்து, செருப்பைக் கழட்டிவிட்டு, அதன் அடிக்கட்டையில் ஏறி நின்றுவிட்டாள். ரயில்வே ஸ்டேஷன் எடை மிஷின் என்று நினைத்திருக்கிறாள். கொஞ்ச நேரம் ஆடாமல் அசையாமல் நின்றுவிட்டு, "ஏ செல்வி, சீட்டு வரலையே! மிஷினு ரிப்பேரா, இல்ல நான் அம்புட்டு கனமா?" என்றாள். அத்தை குரல் நல்லா இருக்கும். இந்தத் தொண்டையில் பாதிதான் வருது, மன்னிச்சுக்கோங்க.

டிவி மெக்கானிக் செல்வின் அண்ணாச்சியைக் கூட்டிவந்தார் அப்பா. அவர் பின்பக்கத்தைத் திறந்ததும் உள்ளே இருந்து ஒரு எலிக்குடும்பமே வீட்டைக் காலிசெய்துகொண்டு ஓடியது. ரெண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினார். காசு போடுகிற ஓட்டையை அடைத்து, அங்கே ஒரு காலிங் பெல் சுவிட்சை மாட்டினார். அதை அமுக்கினால் ஆட்டம் தொடங்கும். படம் வந்துவிட்டது. அண்ணாச்சிக்குப் பழைய ரேடியோவில் ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காத மாதிரி ஒரு குரல். "படம் ஓகே சார்வாள். சத்தம்தான் வராது. ஸ்பீக்கரை எலி தின்னுட்டு. தேடிப் பார்த்துச் சொல்லுதேன்."

ஆட்டம் என்ன ஆட்டம் தெரியுமா? மேலே வரிசை வரிசையாக நண்டு மாதிரி ஜந்துக்கள். கீழே நம்ம கப்பல். நண்டுகள் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, ஒரு ஓரத்தைத் தொட்டதும் ஒரு படி இறங்கும். நாம் கீழே இருந்து சுடணும். மறைந்துகொள்ள நாலு குட்டிச்சுவர் உண்டு. அதையும் நண்டு சுட்டுச் சுட்டு ஓட்டை போட்டுவிடும். அவ்வளவுதான். என் போனில் இதைவிட ஆயிரம் மடங்கு நல்ல கேம் இருக்கு. ஆனால் அப்பா அந்தப் பெட்டி முன்னால் நின்ற நிலையைப் பார்க்கணும். சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரு காலை முன்னால் வைத்து, ஏதோ பஸ்ஸை ஓட்டப்போகிற மாதிரி.

சுவிட்சை அமுக்கினார். கொஞ்ச நேரத்திலேயே செத்துப்போனார். மறுபடி அமுக்கினார். மறுபடி செத்தார். குச்சியை விட்டுவிட்டு, "சத்தம் இல்லாம ஆட முடியலை" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, டிவியிடம் சொன்னார்.

நான் பின்னால் சோபாவில் படுத்துக் கிடந்தேன். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. வம்புக்குத்தான் செய்தேன், சத்தியமாக. நண்டுகள் நகர நகர, 'டும்... டும்... டும்...' என்று அடித்தொண்டையில் விட்டேன். இன்றைக்கு முதுகில் ஒன்று விழப்போகிறது என்று தயாராக இருந்தேன்.

அப்பா திரும்பவே இல்லை. "அப்படி இல்லை. இன்னும் கனமா" என்றார்.

டும் என்றேன்.

"இன்னும் அடியில இருந்து. நாலு சத்தம் அதுக்கு. ஒண்ணொண்ணும் ஒரு படி இறங்கும்." சொல்லிவிட்டு அவரே வாயைத் திறந்து, "டும், டும், டும், டும்" என்று இறக்கிக் காட்டினார். எங்க அப்பா அண்ணே! கல்யாண வீட்டில் மொய் எழுதும்போதுகூடத் தன் பேரைச் சொல்ல மாட்டார், சீட்டில் எழுதிக் கொடுப்பார். அந்த ஆள் வாயில் இருந்து டும். அடுப்படியில் இருந்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு மாட்டினவன்தான்.

தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அப்பா கடையை அடைத்துவிட்டு வருவார். கால் கழுவுவார். காப்பி குடிப்பார். சேலையை விலக்குவார். "ஏலே" என்பார். நான் எங்கே இருந்தாலும் வந்து பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து வாயைத் திறக்க வேண்டும். இது லேசான வேலை இல்லை. நண்டு ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் ஒரு டும். நண்டு குறையக் குறைய மிச்ச நண்டுக்கு வேகம் கூடும், டும்முக்கும் வேகம் கூட்டணும். கடைசி ஒத்தை நண்டு ஓடுகிற ஓட்டத்துக்கு டும்டும்டும்டும் என்று அடித்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் அவர் சுட்டால் 'ப்யூவ்'. நண்டு செத்தால் 'க்ரிச்'. உச்சியில் எப்போதாவது ஒரு தட்டு பறந்து போகும், அதுக்கு 'ஊய்ங் ஊய்ங்'. எல்லாம் ஒரே வாய் அண்ணே. ஒரு டும்மை விட்டுவிட்டால் போதும், கப்பல் வெடிக்கும். "எங்கலே போச்சு உன் கவனம்?" என்பார். கேட்டால் ஒரு விளக்கம் வேற: "கண்ணு ஒரு நண்டைத்தான் பார்க்கும். மத்ததை எல்லாம் காதுதான் பார்க்கணும்." அந்தக் காதுக்கு நான் வாய்.

ஆட்டம் மட்டும் என்றால்கூடத் தாங்கிவிடலாம். ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவில் ஒரு பேச்சு ஆரம்பித்தார் பாருங்க! முதலில் தியேட்டர் கதை. இன்டர்வெல்லில் முறுக்கு வாங்கக் கொடுத்த காசை இதில் போட்டது, படத்தின் பின்பாதியையே பார்க்காமல் வெளியே நின்று ஆடியது, வீட்டில் கதை கேட்டபோது கிளைமாக்ஸை இவரே இட்டுக்கட்டிச் சொன்னது. அப்புறம் தாத்தா கதை. அப்புறம் என் கதை. "அந்த ஹெட்மாஸ்டர் மூக்கால பேசுவாரே, அதை எப்படிலே செய்யுத? மூக்கைப் பிடிச்சுக்கிட்டா?" என்று கேட்டார். செய்து காட்டினேன். கனமழை எச்சரிக்கை முழுவதையும். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. நெஞ்சுவலியோ என்று பயந்துபோனேன்.

நாள் போகப் போகப் பேச்சு நீண்டது, ஆட்டம் குறுகியது. கப்பலைக் கொண்டுபோய் நண்டின் குண்டுக்கு நேராக நிறுத்துவார். குட்டிச்சுவர் பக்கத்திலேயே இருக்கும், ஒதுங்க மாட்டார். வெடித்ததும், "ம், சரி. நீ அப்ளிகேஷன் போட்ட அந்தக் காலேஜ்ல சாப்பாடு எப்படியாம்?" என்று ஆரம்பிப்பார். வயசாகிறது, கை ஓடவில்லை போல. நானும் சொல்லிக்காட்டவில்லை, பாவம்.

என் தொண்டைதான் போச்சு. ஜெபா என்று எனக்கு ஒரு கூட்டாளி. ஷேர் ஆட்டோவுக்கெல்லாம் பாட்டு செட் மாட்டிக்கொடுக்கிறவன். அவன் அக்கா ரிசப்ஷனில் என்னை மேடையேற்றினான். 'இப்போது பலகுரல் மன்னன் இசக்கி' என்று அறிவிப்பு வேற. மைக்கைப் பிடித்து ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டேன், வரவில்லை. ரேஷன் கடைக்காரரைக் கூப்பிட்டேன், வரவில்லை. தொண்டையைச் செருமினால் 'டும்' என்று ஒன்று மட்டும் வந்தது. கச்சேரி செட்டில் டிரம்ஸ்காரர் நான் தாளம் கேட்கிறேன் என்று நினைத்துக் கூடவே அடிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் அடிக்க, நான் டும் என்க, பந்தியில் இருந்தவர்கள் இலையோடு எழுந்து பார்த்தார்கள்.

அந்த அவமானத்தை வீட்டில் வந்து சொன்னேன். மறுநாள் சாயங்காலம் அப்பாவே கல்லுப்புப் போட்டு வெந்நீர் வைத்துக் கொடுத்தார். கொப்பளித்தேன். சேலையை விலக்கவே இல்லை. "இன்னைக்கு ஆட்டம் வேண்டாம்" என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். ஆட்டம் வேண்டாம் என்றால் ஆளை விட வேண்டியதுதானே? அதுவும் கிடையாது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது. அப்புறம் ஒருநாள் முக்காலியில் உட்கார்ந்து டும் விட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு யோசனை. நாளைக்கு நான் போய்விட்டால் இந்த முக்காலியில் யார்? அம்மாவுக்கு டும் வராது. ஒருதடவை முயற்சி பண்ணினாள், இட்லிக் கொப்பரை கொதிக்கிற மாதிரி இருந்தது. சத்தம் இல்லாமல் இவர் ஆட மாட்டார். ஆடாவிட்டால் பழையபடி ஆகிவிடுவார். வருவார், சாப்பிடுவார், படுப்பார். வாயை மூடு என்று சொன்ன மனுசன்தான், இருந்தாலும் அப்பா இல்லையா?

நேரே செல்வின் அண்ணாச்சி கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, ஸ்பீக்கர் இன்னுமா கிடைக்கலை? கோடையே முடியப்போகுது."

அண்ணாச்சி சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தார். "எந்த ஸ்பீக்கர் தம்பி?"

"வீடியோ கேம் பெட்டிக்கு."

"அது சித்திரைத் தேருக்கு முந்தியே குடுத்தாச்சே! உங்கப்பாதான் வந்து வாங்கிட்டுப் போனாரு. இந்தா, இந்த மேசையில வச்சு ஓட்டிக் காட்டினேன். நல்லா இருக்குன்னாரு. மாட்ட வரட்டுமான்னு கேட்டேன், நானே பார்த்துக்கிடுதேன்னுட்டாரு."

எப்படிப் புளுகுகிறார் பாருங்க! முகத்தில் ஒரு சலனம் இல்லை. வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு எங்க அப்பா தலையில் கட்டுகிறார். நானும் விடவில்லை. "அண்ணாச்சி, தினம் எங்க வீட்டுல நான்தான் அந்த ஸ்பீக்கரு. வந்திருந்தா எனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன். கத்தினேன் என்றால், காற்றுதான் வந்தது. அண்ணாச்சி என்னையே பார்த்தார். "நீதான் ஸ்பீக்கரா?" என்றார். அப்புறம் சிரித்தார். சிரித்துவிட்டு, "சரி தம்பி, என் தப்புதான்னு வச்சுக்கோ, போ" என்றார். மாட்டிக்கொண்டதும் மழுப்புகிறதைப் பார்த்தீங்களா?

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். கடையில் உட்கார்ந்திருந்தார். "அப்பா, அந்தச் செல்வின் உங்களை ஏமாத்துறாரு. ஸ்பீக்கரை உங்ககிட்டயே குடுத்துட்டேன்னு சாதிக்கிறாரு."

அப்பா ஒரு சன்னல் சட்டத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "மறந்திருப்பான். விடுலே" என்றார்.

"எப்படிப்பா விட முடியும்?"

"நல்ல மனுசன்லே அவன். சண்டைக்குப் போகாத."

இதுதான் எங்க அப்பா. ஏமாற்றுகிறவனைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். அவர் தலைக்கு மேலேயே ஒரு ஸ்பீக்கர் தொங்கியது. புதுசு. ரேடியோவில் மாட்டி எஃப்எம் பாடிக்கொண்டிருந்தது. "அப்போ இதையாவது கழட்டி வீட்டுல மாட்டுவோமே" என்றேன். நிமிர்ந்து அதைப் பார்த்தார். "அது இதுக்குச் சேராது" என்றார். சேராது என்று மாட்டிப் பார்க்காமலே எப்படித் தெரியும்? அதைக் கேட்பதற்குள் வாடிக்கையாளர் யாரோ வந்துவிட்டார்.

அம்மாவிடம் சொன்னால் அவள் அதுக்கு மேலே. முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "அது அப்படியே கிடக்கட்டும்லே. ரிப்பேரு ஒண்ணும் பார்க்க வேண்டாம்" என்றாள். அவளுக்கு ஆரம்பத்தில் இருந்தே அந்தப் பெட்டியைப் பிடிக்காது. கரண்டு பில் பயம்.

ஆக, இந்த வீட்டில் அப்பா மேல் அக்கறை உள்ளவன் நான் ஒருத்தன்தான் என்று ஆகிப்போச்சு. ஜெபாவைப் பிடித்தேன். ஆட்டோவில் மாட்டுகிற ஸ்பீக்கர் ஒன்று கொண்டுவந்தான். நேற்று மத்தியானம், அப்பா கடையில் இருக்கும்போது, இரண்டு பேரும் பெட்டியைத் திறந்து மாட்டினோம். அம்மா அடுப்படி வாசலில் நின்று, "வேண்டாம்லே, சொன்னாக் கேளு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சுவிட்சை அமுக்கினோம்.

டும்.

வந்துவிட்டது அண்ணே. நாலு சத்தம், ஒவ்வொன்றும் ஒரு படி இறங்கி. நான் உண்மையான சத்தத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பொய் சொல்லக்கூடாது, என் டும்தான் நல்லா இருந்தது. இது தகரத்தில் தட்டுகிற மாதிரி இருந்தது. ஆனால் இதுக்குத் தொண்டை கட்டாது இல்லையா?

சாயங்காலம் அப்பா வந்தார். கால் கழுவினார். காப்பி குடித்தார். சேலையை விலக்கினார். "ஏலே" என்றார். நான் போகவில்லை. சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க அமுக்குங்கப்பா" என்றேன். உள்ளுக்குள் எனக்குக் குறுகுறு என்று இருந்தது.

அமுக்கினார். பெட்டி 'டும்' என்றது.

அப்பா குச்சியில் இருந்து கையை எடுத்துவிட்டார். நண்டு இறங்கியது. சுடவில்லை. இன்னும் இறங்கியது. கப்பல் வெடித்தது, அடுத்த கப்பல் வந்தது. அதுவும் வெடித்தது. மூணாவது கப்பலும் போகிற வரைக்கும் சும்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு மாட்டினா?"

"நான்தான்பா. நானும் ஜெபாவும். நான் போனப்புறம் உங்களுக்கு..."

"நல்லா இருக்கு" என்றார். சேலையை இழுத்து மூடினார். தொட்டியில் தண்ணி இருக்கா பார்க்கிறேன் என்று மொட்டை மாடிக்குப் போய்விட்டார். மோட்டார் போட்டது நாங்கள் காலையில்தான், தொட்டி நிறைந்துதான் இருந்தது.

அம்மா கரண்டியோடு வந்தாள். "வாய் இருக்கிற அளவுக்கு உனக்குப் புத்தி இல்லைலே" என்றாள். நீங்களே சொல்லுங்க, நான் என்ன தப்பு பண்ணினேன்? ஒரு நன்றி வேண்டாம். ஒரு ஆட்டமாவது ஆடிக் காட்டியிருக்கலாம் இல்லையா? கடைசி நாள் சாயங்காலம் அண்ணே.

காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். என் துணிப்பெட்டியை மேலே தூக்கி வைத்தார். சன்னல் பக்கத்தில் நின்றார். டிரைவரிடம், பஸ் மதுரையில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டார், கண்டக்டரிடம் போய் அதையே திரும்பவும் கேட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் கிளம்பும்போது கையைத் தூக்கினார். அவ்வளவுதான். பழையபடி ஆகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். நான் பட்ட பாட்டுக்கு...

இருங்க, போன் அடிக்குது. அப்பாதான். இந்நேரம் கடையில் இருக்கணுமே.

சொல்லுங்கப்பா. விருதுநகர் தாண்டியாச்சு. இல்லை, இன்னும் சாப்பிடலை. நீங்க கடைக்குப் போகலையா? என்னது? ஸ்பீக்கர் போயிருச்சா? நேத்துத்தானேப்பா மாட்டினேன், நல்லா இருந்துச்சே! வயரு கழண்டிருக்கும், பின்னாடி கதவைத் திறந்து பாருங்க. கழண்டிருக்கா? ரெண்டு வயருமா? சரி, அதை மறுபடி சொருகினாப் போதும்ப்பா, செவப்பு வயரை... சொருகத் தெரியலையா? நீங்க வீட்டுக்கே வயரிங் பண்ணுன ஆளாச்சே. ஏன்ப்பா, பின்னாடி அம்மா சிரிக்கிற மாதிரி சத்தம் கேக்குது?

கொஞ்சம் பொறுங்கப்பா, லைன்ல இருங்க.

பார்த்தீங்களா அண்ணே? ஒரு நாள் தாங்கவில்லை. ஜெபா வேலை இந்த லட்சணம். ஊருக்கே மாட்டிக்கொடுக்கிறான், எனக்கு மட்டும் இப்படி. கடைக்குக்கூடப் போகாமல் நிற்கிறார் பாவம். போனிலேயே டும் போடச் சொல்றார். அம்மா போனை அவர் காதில் பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம், குச்சிக்கு இரண்டு கையும் வேணுமே. என்ன பண்ணச் சொல்றீங்க? இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு, இத்தனை பேர் முன்னால், ஓடுகிற பஸ்ஸில். அதுவும் எனக்கு இங்கே இருந்து டிவி தெரியாதே. நண்டு எங்கே நிற்கிறது, குட்டிச்சுவர் இருக்கா போச்சா, தட்டு வருதா, ஒன்று விடாமல் அவர் வாயாலேயே சொல்லிக்கொண்டு வந்தால்தான் நான் டும் போட முடியும். பேசியே தீரணும் அந்த மனுசன். கோயம்புத்தூர் வரைக்கும்.

முன்சீட்டுக்கார அக்கா திரும்பிப் பார்த்தால் பையனுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று நீங்களே சொல்லிவிடுங்க. அந்தச் சன்னலை மட்டும் கொஞ்சம் இழுத்து மூடுங்க, காற்றில் காது அடைக்குது.

ஆ, அப்பா. அமுக்குங்க. எத்தனை நண்டு நிக்குது?